குடிபாலாவில் நின்ற ஜெர்மன் கார்

வேலூர் போகும் ஹைவேயில், குடிபாலா டீக்கடை முன்னால் ஒரு பழைய ஜெர்மன் சொகுசு கார் நிற்கிறது. ஓட்டிவந்த பெண்ணுக்கு நாற்பது வயது இருக்கும். டீ கிளாஸோடு காரைச் சுற்றிச் சுற்றி வந்து பார்க்கிறார்.

“இந்த வண்டியில அப்படி என்ன விசேஷம்?” என்று கேட்கிறேன்.

கதவைத் திறந்து சாத்திக் காட்டுகிறார். கனமான, மெத்தென்ற சத்தம்.

“இந்த சத்தத்துக்குத்தான் எங்க வூட்டுக்காரரு வாங்குனாரு. யாரையும் தொட வுடமாட்டாரு. எங்க நைனாவ வேலூரு ஆஸ்பத்திரில சேத்துக்கீறாங்க. வூட்டுக்காரரு ஊர்ல இல்ல, சொல்லாம எடுத்தாந்துட்டேன். ஹைவேல ஓட்டறது இதான் மொத தபா.”

இந்தக் கார் கம்பெனியின் ஆரம்பக் கதையைச் சொல்கிறேன். காரை முதன்முதலில் நெடுந்தூரம் ஓட்டியவர் அதை உருவாக்கியவரின் மனைவி. கணவரிடம் சொல்லாமல், பிள்ளைகளோடு தாய்வீட்டுக்குக் கிளம்பிவிட்டார். வழியில் எரிபொருள் குழாய் அடைத்துக்கொள்ள, தன் தொப்பியில் செருகியிருந்த நீண்ட ஊசியால் குத்திச் சரிசெய்தார்.

“போய்ச் சேந்தாங்களா?”

“சேர்ந்தாங்க. சேர்ந்ததும் வீட்டுக்காரருக்குத் தந்தி அடிச்சாங்க.”

சிரித்துவிட்டு, சற்றுத் தள்ளிப்போய்க் கணவருக்கு போன் செய்கிறார். சீக்கிரமே திரும்பி வருகிறார்.

“திட்டினாரா?”

“‘மாமா எப்படிக் கீறாரு’ன்னுதான் கேட்டாரு,” என்கிறார் வியப்பாக. “வண்டியப் பத்தி வாயே தொறக்கல.”