குளியலறைக் கதவும் என் கணவரின் குரலும்

முருகனை நம்பி வாழும் என் சொந்தங்களே, நான் பொறுமையாக வேண்டிக்கொண்டவள் இல்லை. சண்டை போட்டு வேண்டிக்கொண்டவள்.

சென்ற தை மாதம் என் கணவருக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சும் போனது. நாம் சொல்வது அவருக்குப் புரியும். பதிலுக்கு ஒரு சொல் வராது. பெங்களூரு மல்லேஸ்வரத்தில் எங்கள் வீடு இரண்டாவது மாடி, லிஃப்ட் கிடையாது. அதனால் நகரத்துக்கு வெளியே சந்தாபுராவைத் தாண்டி, மாமனார் காலத்துப் பழைய பண்ணை வீட்டுக்கு வந்தோம். ராகி மூட்டை அடுக்கியிருந்த அறையை அவருக்காகச் சரிசெய்யத் தொடங்கினேன். சக்கர நாற்காலி போக வர வேண்டும், ஒட்டினாற்போல் குளியலறை வேண்டும். நான் கேட்டது அவ்வளவுதான்.

அதைச் செய்து முடிப்பதற்குள் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. சுவரைத் தொட்டால் காரை உதிர்ந்தது. கான்ட்ராக்டர் மஞ்சுநாத் ஒரு நாள் வந்தால் ஒரு வாரம் காணாமல் போவார். போன் செய்தால், "வந்துட்டே இருக்கேன் மேடம்" என்பார். குளியலறைக் கதவை உள்பக்கம் திறக்கும்படி வைத்தார். நாற்காலி உள்ளே போனால் கதவைச் சாத்தவே முடியாது. மாற்றச் சொன்னேன். கழற்றினார். மறுபடியும் உள்பக்கமே திறக்கும்படி மாட்டிவிட்டுப் போனார்! இதற்கு நடுவே தினமும் பேச்சுப் பயிற்சி. 'ஆ' என்ற சத்தத்தை அவர் தாண்டவில்லை.

ஆடிக் கிருத்திகை காலையில், சிமெண்ட் தூசி படிந்த முருகன் படத்தின் முன் நின்று கத்தினேன். "உனக்குக் காது கேக்குதா இல்லையா? கதவு எப்படியோ போகட்டும். அவரு வாயிலேர்ந்து ஒரு வார்த்தை குடு. திட்டா இருந்தாலும் பரவாயில்ல."

அன்று மஞ்சுநாத் வந்தார். கதவைக் காட்டினேன். "உள்ள தொறந்தாதான் லுக்கு மேடம். ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி" என்றார். கொஞ்சம் அனுசரித்துப் போக வேண்டுமாம்! எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அப்போது பின்னாலிருந்து உடைந்த குரல் ஒன்று கேட்டது.

"வெ... வெளிய. வெளிய தொறக்கணும், மடையா!"

திரும்பினேன். என் கணவர் இடது கையால் நாற்காலியைத் தட்டிக்கொண்டிருந்தார். முகமெல்லாம் சிவந்திருந்தது. அந்தத் தூசியிலேயே உட்கார்ந்துவிட்டேன். திட்டு வாங்கிய மஞ்சுநாத்தின் கண்ணும் கலங்கியது. "இன்னொரு வாட்டி திட்டுங்க சார்" என்றார். கதவை அன்றைக்கே மாற்றினார்.

பயிற்சியின் பலன் என்கிறார் டாக்டர். இருக்கட்டும். அந்தப் பயிற்சியை விடாமல் செய்ய எனக்குத் தெம்பு கொடுத்தவன் யார்?

இப்போது துண்டு துண்டாகப் பேசுகிறார். காபி ஆறிப்போச்சு என்கிறார். ஃபேனைக் குறை என்கிறார். முன்பென்றால் பதிலுக்கு நானும் கத்தியிருப்பேன். இப்போது நின்று கேட்கிறேன்.

அழகாக வேண்டிக்கொள்ளத் தெரியவில்லையே என்று யாரும் தயங்காதீர்கள். கோபம்தான் வருகிறதா? கோபத்தோடே கேளுங்கள். அவன் கோபித்துக்கொள்வதில்லை.

உள்ளேயிருந்து கூப்பிடுகிறார். "வச... வசந்தா." என் பெயர்தான். போய் வருகிறேன்.