பெரியவர் வாய் திறக்காத மூன்று நாள்

கடல் தாண்டி வந்த தாடிக்காரர்களின் குதிரைகளால்தான் எங்கள் ராஜ்யம் போயிற்று என்று குஸ்கோ சந்தையில் எவனைக் கேட்டாலும் சொல்வான். சொல்லிவிட்டுப் போகட்டும். எனக்கு ஒரு வீட்டில் நடந்ததுதான் தெரியும். அந்த வீட்டில் நாங்கள் மூன்று பேர்: செத்துப்போன ராஜா, என் கணவர் பவுக்கார், நான்.

ராஜா செத்து மூன்று தலைமுறை ஆகியிருந்தது. செத்தால் என்ன? எங்களில் ராஜா செத்தாலும் அவர் நிலம் அவருக்கே. உலர்ந்த உடம்புக்கு மெல்லிய கம்பளி உடுத்தி, மாளிகையில் உட்கார வைத்து, பெரியவர் என்று கும்பிட்டோம். தினமும் அவித்த மக்காச்சோளத்தை அவர் முன்னால் நெருப்பில் போடுவோம். அதுதான் அவர் சாப்பாடு. சமைத்தவள் நான். புதிதாகப் பட்டம் ஏறுகிற ராஜாவுக்கோ ஒரு முழம் நிலம் கிடையாது; நல்ல பள்ளத்தாக்கெல்லாம் செத்தவர்கள் பேரில். அவர் படை திரட்டித் தூர தேசம் போய்ப் பிடித்தால்தான் உண்டு. அவருக்கு அடுத்தவர் இன்னும் தூரம் போகவேண்டும். ஊர் ஊராக ஆண்களை அள்ளிக்கொண்டு போனார்கள். கடைசியில் ராஜாவின் பிள்ளைகளே, அண்ணனும் தம்பியும், பட்டத்துக்காக ஒருவரை ஒருவர் அடித்துக்கொண்டார்கள். அதற்கும் ஆள் வேண்டுமே, மிச்சமிருந்த ஆண்களும் போனார்கள்.

பவுக்கார் உர்க்கோபம்பா ஊர்க்காரர். பெரியவர் முகத்தில் ஈ உட்காராமல் விசிறுவதற்காகச் சின்ன வயதில் கூட்டி வந்தார்கள். இருபது வருஷம் விசிறினார். அப்போது பெரியவருக்கு வாயாக, அதாவது அவர் மனதைக் கேட்டு வெளியே சொல்கிறவனாக, இருந்தவன் ஒரு பேராசைக்காரன். பெரியவருக்குப் புதுப் போர்வை வேண்டுமாம், பெரியவருக்கு இன்னொரு தோட்டம் வேண்டுமாம் என்று வாய் கூசாமல் கேட்டுத் தின்றான். அவன் செத்ததும், இனி பொய் சொல்லாதவன் வேண்டும் என்று என் வீட்டுக்காரரை வாயாக வைத்தார்கள். வாய் என்றால் ஆணும் பெண்ணுமாக இரண்டு பேர். அதனால் நானும் வாய். இரண்டு பேரில் யார் காதில் அவர் குரல் கேட்டாலும் சொல்லலாம். சொன்னால் அது பெரியவர் சொன்னது.

அவர் வேலை செய்கிற விதமே தனி. யாராவது ஒன்று கேட்டால், பெரியவர் முழங்காலில் கைவைத்து உட்கார்ந்துவிடுவார். மனதில் ஒரு பதில் வரும். அது தனக்குப் பிடித்த பதிலாக இருந்தால் உடனே தள்ளிவிடுவார். "அது என் ஆசை சிம்ப்பு, அவர் பேச்சு இல்ல" என்பார் என்னிடம். தனக்குச் சம்பந்தமே இல்லாத பதில் வந்தால்தான் வெளியே சொல்வார். ஊரெல்லாம் அவரை உத்தமர் என்றது. எனக்கும் உள்ளுக்குள் பெருமைதான், இல்லையென்று சொன்னால் பொய்.

இரண்டு வருஷம் தொடர்ந்து ஆலங்கட்டி மழை அடித்தது. விதைக்கிற மாதம் நெருங்கியபோது என் நாத்தனார் குசி, ஒன்பது பெண்களோடு உர்க்கோபம்பாவிலிருந்து நடந்து வந்தாள். இடுப்பில் கடைக்குட்டிப் பையன். மலைச்சரிவில் பெரியவரின் களஞ்சியம் பதினாறு. பதினாறும் நிறைய மக்காச்சோளம்.

"அண்ணா, விதைக்கு மட்டும் குடு. திங்கக் கேக்கல. விதைச்சிட்டோம்னா எப்படியாவது பொழச்சுக்குவோம்" என்றாள்.

"கேட்டுச் சொல்றேம்மா" என்று அவர் உள்ளே போய் உட்கார்ந்தார்.

ஒரு நாள் போயிற்று. முகம் வெளிறி வெளியே வந்தார். "குடுன்னுதான் வருது. ஆனா அது எனக்கே வேணும்னு இருக்கே. தங்கச்சியாச்சே. எப்படி நம்புறது?"

"யாருக்குத் தெரியப் போவுது? சொல்லிட்டுப் போங்க" என்றேன்.

"எனக்குத் தெரியும்ல?"

இரண்டாம் நாள் நான் வழக்கம்போலப் பெரியவர் சாப்பாட்டை நெருப்பில் போட்டுக்கொண்டிருந்தேன். வாசலில் நின்று குசி பார்த்தாள். வாசனைக்குப் பையன் அழ ஆரம்பித்தான்.

"செத்தவருக்குத்தான் வேளாவேளைக்குப் பசிக்குது, இல்ல அண்ணி? நீங்களும் நல்லாத்தான் பூசினாப்புல இருக்கீங்க" என்றாள்.

அந்த ஒன்பது பெண்களும் கேட்டார்கள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. கல்யாணமான நாளிலிருந்து அவளுக்கும் எனக்கும் ஆகாது. என் சமையலைச் சொல்வாள், பிள்ளை இல்லாததைச் சொல்வாள். இந்த முறை அலைந்து சாகட்டும் என்று நினைத்தேன். ஆமாம், அப்படியேதான் நினைத்தேன்.

மூன்றாம் நாள் காலையில் பெரியவருக்கு முகம் துடைத்துக்கொண்டிருந்தேன். "குடு" என்று கேட்டது. பக்கத்தில் இருப்பவர் சொல்வதுபோலத் தெளிவாக. திரும்பிப் பார்த்தேன். என் கணவர் மூலையில் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார். நான் வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் களஞ்சியக் கதவு திறந்திருக்கும். துணியைப் பிழிந்து காயப் போட்டுவிட்டு அடுப்படிக்குப் போனேன்.

அன்று சாயங்காலம் அவர் வெளியே போய், "பெரியவர் வாயே திறக்கலம்மா" என்றார். குசி பையனை முதுகில் கட்டிக்கொண்டு நடந்தாள்.

அந்த வருஷம் உர்க்கோபம்பாவில் யாரும் விதைக்கவில்லை.

மறுவருஷம் தாடிக்காரர்கள் வருகிறார்கள் என்று செய்தி வந்தது. உர்க்கோபம்பா ஆற்றின்மேல் புல்கயிற்றால் பின்னிய பாலம் உண்டு. அதை எரித்துவிட்டால் மழைக்காலம் முடியும்வரை ஆற்றைத் தாண்ட முடியாது. அதற்குள் படை சேர்த்துவிடலாம். ஆனால் பாலம் எங்கள் பெரியவர் போட்டது. வருஷாவருஷம் அந்த ஊரார்தான் புதுப்பிப்பார்கள். பெரியவர் சொல்லாமல் அவர்கள் தொடமாட்டார்கள். "போய்ச் சொல்லு" என்று தளபதி என் கணவரை விரட்டினான். பெரியவரைக் கேட்கக்கூட நேரமில்லை. நானும் கூடப் போனேன்.

பாலத்தின் தலைப்பில் ஊர்ப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். குசி எழுந்து வந்தாள். இடுப்பில் பையன் இல்லை. நான் கேட்கவில்லை.

"பெரியவர் பாலத்த எரிக்கச் சொல்லிட்டார்" என்றார் என் கணவர். வாழ்நாளில் அவர் சொன்ன முதல் பொய்.

"எப்ப சொன்னாரு?"

"இன்னைக்குக் காலைல."

"மூணு நாளு காத்துக் கெடந்தோம், அப்ப வாய் தொறக்கல. பாலம்னதும் காலைலயே பேசிட்டாரா? ஒனக்கு வேணும்னா மட்டும் பேசுவாரா அண்ணா?"

அவரால் தலை நிமிர முடியவில்லை. குசி திரும்பிப்போய்ப் பாலத்தின் தலைப்பிலேயே உட்கார்ந்துகொண்டாள். "நாங்க எதுக்கு எரிக்கணும்? எங்ககிட்ட என்ன இருக்கு, அவனுங்க வந்து எடுத்துக்க?" என்றாள் இன்னொருத்தி.

திரும்பும் வழியில் அவர் ஒரு பாறையில் சாய்ந்து அழுதார். "நான் என்ன தப்பு பண்ணேன் சிம்ப்பு? அன்னைக்கு ஒரு வார்த்த பேசியிருக்கலாமே அவர்."

எனக்குத் தாங்கவில்லை. சொல்லிவிட்டேன். மூன்றாம் நாள் காலை, முகம் துடைத்தபோது, குடு என்று கேட்டதை, குசிமேல் இருந்த கோபத்தில் நான் அதை மறைத்ததை.

அவர் என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"ஒனக்குக் குடுக்க மனசே இல்ல" என்றார் மெதுவாக. "அப்படின்னா அது அவர்தான்."

எழுந்து வந்த வழியே திரும்பி நடந்தார். பாலத்துக்கு அப்பால் குதிரைகளின் புழுதி அப்போதே தெரிந்தது. நான் பின்னாலேயே ஓடினேன். குசியின் முன் போய் நின்று, "பெரியவர் குடுன்னுதான் சொல்லியிருக்கார். எங்களாலதான் வந்து சேரல. ஒங்கிட்ட சொல்லிடணும்னு வந்தேன்" என்றார்.

குசி அவரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். புரிந்துகொண்டாள் என்றுதான் நினைக்கிறேன். கோபப்படவில்லை. கரைமேட்டில் கற்களை அடுக்கியிருந்த ஓர் இடத்தைக் காட்டினாள்.

"எங்கிட்ட எதுக்குச் சொல்ற? சின்னவன் அங்க இருக்கான். அவங்கிட்ட சொல்லு."

குதிரைகள் ஒவ்வொன்றாகப் பாலத்தில் ஏறின. பெண்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். என் கணவர் மேட்டுக்குப் போய், கற்களின்மேல் கையை வைத்து உட்கார்ந்து, சொல்ல வேண்டியதைச் சொன்னார். பிறகு, வழக்கப்படி, பதிலுக்காகக் காத்திருந்தார்.