ஸ்பிரிட் வாசம் அடிக்கிற கை

வீட்டில் பாத்திரம் சரியாகத் தேய்க்கவில்லை என்றால் குழம்பு ஊசிப்போகும், ஆராய்ச்சிக் கூடத்தில் பாட்டில் சரியாகக் கழுவவில்லை என்றால் ஒரு மாசம் பாடுபட்டவர் முகம் செத்துப்போகும். எங்கள் தொழிலில் இருக்கிற வித்தியாசம் அவ்வளவுதான்.

நான் எட்டாவது வரைக்கும் படித்தவள். காஞ்சிபுரத்துக்கு வெளியே இருக்கிற ஒரு யுனிவர்சிட்டி லேபில் பாட்டில் கழுவுகிறேன், மேஜை துடைக்கிறேன். அங்கே பட்டுக்கூட்டை வேகவைத்து, அதிலிருந்து காயத்துக்குப் போடுகிற மெல்லிசான தாள் மாதிரி ஒன்று செய்கிறார்கள். அதை உடம்பு தன்னுடையது என்று ஏற்றுக்கொள்ளுமா, வெளியாள் என்று சண்டைக்கு நிற்குமா என்று பார்ப்பதுதான் அங்கே எல்லோருக்கும் வேலை.

என் வீட்டுக்காரருக்கு ஒரகடம் பக்கம் ஷிப்ட் வேலை. பெரிய காஞ்சிபுரத்தில் ஒரே ஒரு ரூமில் குடியிருக்கிறோம். எங்கள் பொண்ணு யாழினிக்கு ஒன்றரை வயசு. பார்த்துக்கொள்ள இங்கே ஆள் இல்லாததால் தென்னேரியில் என் நாத்தனார் குமாரியிடம் வளர்கிறாள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் போய்ப் பார்ப்பேன். அவள் குமாரியை அம்மா என்று கூப்பிடுகிறாள். என் முகத்தைப் பார்த்து இன்னும் ஒரு தடவைகூட அப்படிக் கூப்பிட்டதில்லை. பிள்ளையை யாரிடமோ விட்டுவிட்டு பஸ் ஏறுகிற அக்கா, தங்கச்சிகளே, இது உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். மற்றவர்களும் படிக்கலாம், ஒன்றும் சொல்லமாட்டேன்.

பூ மாட்டுகிற ஆணி

முதல் நாள் வேலைக்குப் போகும்போது நல்லா தலை வாரி, ரெண்டு முழம் மல்லி வைத்து, மஞ்சள் பூசி, கண்ணாடி வளையல் குலுங்கப் போனேன். காமாட்சியம்மன் கோயிலுக்குப் போகிற மாதிரிதான். வாசலிலேயே தணிகாசலம் அண்ணன் மறித்துவிட்டார். பாட்டில்களை ஆவியில் வேகவைக்கிற பெரிய மெஷின் அவர் பொறுப்பு. பூவில் கண்ணுக்குத் தெரியாத காளான் விதை இருக்குமாம், அது உள்ளே வந்தால் வளர்க்கிற செல்லெல்லாம் பூசணம் பூத்துப்போகுமாம். வளையல், மெட்டி, பவுடர் எதுவும் கூடாது.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. நான் வேறு வாய் திறந்து பேசுகிறவள் இல்லை. தாலியையும் கழட்டச் சொல்லிவிடுவாரோ என்று முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு நின்றேன். அதைப் பார்த்துவிட்டு அவர் செருப்பு ஸ்டாண்டுக்கு மேலே கைகாட்டினார். அங்கே வரிசையாக ஆணி. ஒவ்வொரு ஆணியிலும் ஒரு பூச்சரம். லேபுக்குத் தலைவரான மேடத்தோடது கனகாம்பரம்.

"தாலி கிடக்கட்டும்மா, அதை கோட்டுக்குள்ள போட்டுக்கோ. பூவை மட்டும் இங்க மாட்டு, சாயங்காலம் உன்னுதை நீயே வெச்சிக்கினு போ. வாடிப்போச்சுன்னு என்கிட்ட சண்டைக்கு வரக்கூடாது, ஆமா."

கார்த்திக் தம்பியின் பசங்க

கார்த்திக் என்று ஒரு தம்பி அங்கே டாக்டர் பட்டத்துக்குப் படிக்கிறார். எப்போது பார்த்தாலும் "பசங்களுக்கு சாப்பாடு போடணும்க்கா" என்று ஓடுவார். இந்த வயசிலேயே எத்தனை பிள்ளையோ, பாவம் என்று நினைத்திருந்தேன். அப்புறம்தான் தெரிந்தது, அவருக்கு இன்னும் கல்யாணமே ஆகவில்லை, பசங்க என்பது டப்பாவில் வளர்கிற செல்கள். ரோஸ் கலரில் ஒரு தண்ணீர், அதுதான் அதுகளுக்குச் சாப்பாடு. ஒரு நாள் விட்டு ஒரு நாள் பழசை எடுத்துவிட்டுப் புதுசு ஊற்றவேண்டும்.

தீபாவளி அன்றைக்கு லேபைத் திறந்துவிடப் போயிருந்தேன். அந்தத் தம்பி தலையில் எண்ணெய்ப் பிசுக்கோடு வந்து சாப்பாடு போட்டார். "வந்து பாருங்கக்கா" என்று மைக்ராஸ்கோப்பைக் காட்டினார். தறியில் ஓடுகிற நாடா மாதிரி ரெண்டு பக்கமும் கூராக, சின்னச் சின்னதாகச் செல்கள் அந்தப் பட்டுத் தாளைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு கிடந்தன. இடுப்பை விட்டு இறங்கமாட்டேன் என்கிற பிள்ளை மாதிரி. எனக்குக் கண்ணை எடுக்க மனசு வரவில்லை. "ஊருக்குப் போகலையா தம்பி? அம்மா தேடமாட்டாங்களா?" என்று கேட்டேன்.

"நான் ஒரு நாள் வரலைன்னா இதுங்க செத்துடும்க்கா. எங்கம்மா அப்படியா, நாலு நாள் திட்டிக்கினே நல்லா இருப்பாங்க."

ஷேர் ஆட்டோவில் டாக்டரம்மா

இது சும்மா சிரிக்க. ஐயம்பேட்டை போகிற ஷேர் ஆட்டோவில்தான் தினம் ஏறுவேன். லேபில் துடைத்துத் துடைத்து என் மேலே அடிக்கிற ஸ்பிரிட் வாசத்தை வைத்து, பக்கத்தில் உட்காருகிற எல்லோரும் என்னை நர்ஸ் என்று முடிவு பண்ணிவிடுவார்கள். ஒரு அம்மா மடியிலிருந்து சர்க்கரை ரிப்போர்ட்டை எடுத்து, "இதைக் கொஞ்சம் பாத்து சொல்லும்மா" என்று நீட்டினார். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. நான் பாட்டில் கழுவுகிறவள், எனக்கு இதெல்லாம் தெரியாது என்று மெதுவாகச் சொன்னேன். அவர் விடவில்லை.

"தெரியாட்டி பரவால்லம்மா, 'ஒண்ணும் பயமில்லை'ன்னு மட்டும் சொல்லு. நீ சொன்னா நல்லா இருக்குது கேக்கறதுக்கு."

ரூபாவின் மதியச் சாப்பாடு

ரூபா ஒடிசாக்காரப் பொண்ணு. கல்யாணமாகி நாலு வயசில் ஒரு பையன். அவனை அவள் அம்மாவிடம் விட்டுவிட்டுப் படிக்க வந்திருக்கிறாள். மதியம் லேபுக்கு வெளியே டிபன் பாக்ஸைத் திறந்து, தண்ணீர் பாட்டில் மேலே போனைச் சாய்த்து வைப்பாள். அங்கே பையன் ஒரு வாய், இங்கே இவள் ஒரு வாய். அவன் மென்று முழுங்குகிற வரைக்கும் இவள் கையில் சோற்றோடு காத்திருப்பாள். சோறு காய்ந்தே போகும்.

என்னிடம் இருப்பது பட்டன் போன். ஒரு நாள் அவளே கேட்டாள், "மீனா, உன் பேபி பாக்கணும்?" நான் தலையை மட்டும் ஆட்டினேன். குமாரி நம்பருக்கு வீடியோ கால் போட்டுக் கொடுத்தாள். அதிலிருந்து தினமும் அவள் சாப்பிட்டு முடித்ததும் எனக்கு ரெண்டு நிமிஷம். யாழினி திரையைத் தட்டுவாள், போனை நக்குவாள், சிரிப்பாள். எனக்கு அந்த நாளுக்கு அதுவே போதும்.

ஆனால் ஞாயிற்றுக்கிழமை நான் நேரில் போய் நின்றால் குமாரி புடவைக்குப் பின்னால் ஒளிந்துகொள்வாள். குமாரி பாவம், மனசு கெட்டவள் இல்லை. பிளவுஸ் தைத்துக்கொண்டே என் பிள்ளையைத் தூக்கிச் சுமக்கிறாள். பிள்ளைக்கு என்னை ஞாபகப்படுத்தத்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை இப்படிச் சொன்னாள்.

"யாழு, வாசல்ல பாரு, யாரு வந்துக்கிறாங்க! போன் அம்மா வந்துட்டாங்க பாரு!"

மேடத்திடம் கேட்ட ஒரே கேள்வி

எங்கள் லேபில் எதைத் தொடுவதற்கு முன்னாலும் ஸ்பிரிட் அடிக்கவேண்டும். மேஜைக்கு அடி, பாட்டிலுக்கு அடி, கையுறைக்கு அடி, கையுறையைக் கழட்டிவிட்டுக் கைக்கு அடி. என் உள்ளங்கை தோல் உரிந்து கிடக்கும். யாழினியைத் தூக்கப் போனால் என் விரலைப் பிடித்து மூக்கிடம் கொண்டுபோவாள். மூக்கைச் சுளிப்பாள். உடனே குமாரியிடம் தாவிவிடுவாள். சீயக்காய் போட்டுப் பார்த்தேன், புளி போட்டுத் தேய்த்தேன், எலுமிச்சம்பழம், மஞ்சள், கடைசியில் கையில் மல்லிப்பூவைக் கசக்கித் தடவிக்கொண்டுகூடப் போனேன். அவள் அதையும் முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மேடம்தான் எங்கள் லேபுக்குத் தலைவர். நான் அவர் எதிரில் நின்று பேசினதே இல்லை. ஒரு நாள் அவர் மேஜையைத் துடைத்துவிட்டு நகராமல் நின்றேன். என்ன என்று கேட்டார். இந்த வாசம் போக ஏதாவது மருந்து இருக்கிறதா மேடம், பிள்ளை என்கிட்ட வரமாட்டேங்குது என்று எப்படியோ சொல்லிவிட்டேன். ஸ்பிரிட் நிமிஷத்தில் காற்றோடு போய்விடும், ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் நிற்க வழியே இல்லை என்று விளக்கமாகச் சொன்னார். சொல்லிக்கொண்டே என் கையை இழுத்து முகர்ந்து பார்த்தார். அப்புறம் தன் கையையும் முகர்ந்தார்.

"படிப்புல பாத்தா இது இருக்கவே கூடாது மீனா. ஆனா என் பையன் சின்ன வயசுல இதையேதான் சொல்லுவான். இப்ப அவன் வெளிநாட்டுல இருக்குறான், சொல்றதுக்குக்கூட பக்கத்துல இல்ல."

புதன்கிழமை ஊசி

யாழினிக்கு ஒன்றரை வயசு ஊசி போடுகிற நாள். ஊசி குத்தும்போது நான் தூக்கி வைத்துக்கொள்ளவேண்டும், அழுதால் என் தோளில் அழட்டும் என்று ரொம்ப ஆசை. லீவும் சொல்லியிருந்தேன். அன்றைக்குப் பார்த்துத் தணிகாசலம் அண்ணனுக்குக் காய்ச்சல். மெஷினில் பாட்டிலை ஏற்றி இறக்க என்னை விட்டால் ஆளில்லை, பாட்டில் இல்லையென்றால் கார்த்திக் தம்பியின் பசங்களுக்குச் சாப்பாடு இல்லை. போகமுடியவில்லை. ரோஸ் தண்ணீர் ஊற்றுகிற பாட்டில்களைக் கழுவிக்கொண்டே இந்நேரம் குத்தியிருப்பார்கள், இந்நேரம் அழுவாள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். செல்லுக்குக்கூட ஆள் வருகிறது, என் பிள்ளைக்கு நான் போகவில்லை.

மதியம் ரூபா போனோடு ஓடிவந்தாள். திரையில் குமாரி. யாழினி அவள் தோளில் தூங்கிக்கொண்டிருந்தாள், தொடையில் ஒரு பிளாஸ்திரி. குமாரியின் கண் சிவந்திருந்தது. ரொம்ப அழுதாளா என்று பயந்துபோய்க் கேட்டேன். குமாரி மூச்சு வாங்கச் சொன்னாள். வரிசையில் நின்ற பிள்ளைகள் எல்லாம் அழுதார்களாம். இவளும் கத்திக்கொண்டிருந்தாளாம். ஊசி போடுகிற நர்ஸம்மா ஸ்பிரிட்டை எடுத்துத் தன் கையைத் துடைத்தாராம். இவள் அழுகையை நிறுத்திவிட்டாளாம். மூக்கைச் சுளித்தாளாம். இடுப்பிலிருந்து வழுக்கி இறங்கி, நர்ஸம்மா கையைப் பிடித்து முகர்ந்து, அண்ணாந்து அவர் முகத்தைப் பார்த்தாளாம். இல்லை என்று தெரிந்ததும் நாற்காலிக்குப் பின்னால் போய்ப் பார்த்தாளாம், பெஞ்சுக்கு அடியில் குனிந்து பார்த்தாளாம், கதவுக்குப் பின்னாலும் போய்ப் பார்த்தாளாம்.

எனக்குப் புரியவில்லை. எதைத் தேடினாள் என்று கேட்டேன். குமாரி பிள்ளை முதுகைத் தட்டிக்கொண்டே சொன்னாள்.

"எதைத் தேடுவா? 'அம்மா, அம்மா'ன்னு உங்களத்தான் அண்ணி. நான் அங்கியேதான் நிக்கிறேன், என்னைத் தாண்டிப் போய்த் தேடுறா."

நான் ரூபாவிடம் போனைக் கொடுத்துவிட்டுக் கழுவுகிற தொட்டியைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டேன். தேடினாளே என்று சந்தோஷம், தேடின இடத்தில் நான் இல்லையே என்று துக்கம், ரெண்டும் ஒரே நேரத்தில் வந்தால் என்ன செய்வது என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. தண்ணீர் அதுபாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. ரூபா வந்து குழாயை மூடினாள்.

"மீனா, மூஞ்சி துடை. கண்ணுத்தண்ணி பாட்டில்ல விழுந்தா, கார்த்திக் பசங்க செத்துப்போகும்."

ஆக, இந்த ஊரிலேயே ரொம்பச் சுத்தமான இடத்தில் வேலை பார்க்கிற நான், வருகிற ஞாயிற்றுக்கிழமை சீயக்காயும் இல்லாமல் புளியும் இல்லாமல், கையைக்கூடக் கழுவாமல் தென்னேரி பஸ் ஏறப் போகிறேன்.