நெற்றியில் எழுதிய நேரம்

ஆஸ்பத்திரித் தாதி பரமேஸ்வரி மிஸிக்கு ஒரு பொல்லாத பழக்கம் உண்டு. யாரைக் கண்டாலும் கண் இமையை இழுத்துப் பார்ப்பார். ஒரு கலியாண வீட்டில் மாப்பிள்ளையைக்கூட விடாமல், "இரத்தம் குறைவு, முருங்கையிலை சாப்பிடும்" என்று சொல்லிவிட்டு வந்தவர். நறுவிலிக்குளத்து வயற்காரர் வீட்டுப் பிள்ளை. போரில் சனம் இடம்பெயர்ந்த காலத்தில் தகரக் கொட்டகைகளில் காயக்காரரைப் பார்த்துப் பழகியவர். சனம் ஊர் திரும்பிய பிறகு, கரையோரத்துச் சின்ன ஆஸ்பத்திரி ஒன்றில் ஆறு கட்டிலுக்கும் ஒரு பிரசவ அறைக்கும் அவர்தான் ராணி.

இரண்டாயிரத்துப் பன்னிரண்டில் ஒரு வெள்ளிக்கிழமை. டொக்டர் கூட்டமொன்றுக்கு மன்னாருக்குப் போயிருந்தார். சிலாவத்துறையிலிருந்து ஒரு சின்ன பட்டா லொறி பாய்ந்து வந்து நின்றது. உள்ளே மீனவன் சாஹுல் ஹமீட். படகைக் கரையேற்றும்போது எஞ்சின் விசிறி தொடையைக் கிழித்துவிட்டது. கட்டுப் போட்டிருந்தும் சாரம் முழுக்க இரத்தம். மாமியார் ஆசியா உம்மா தலைமாட்டில் இருந்து அழுதுகொண்டிருந்தார். வீட்டில் அவர் மகள், சாஹுலின் மனைவி, ஏழு மாதக் கர்ப்பிணி.

"மிஸி, மருமகன் துடிக்கிறார். நோவுக்கு ஒரு ஊசி போடுங்கோ!"

பரமேஸ்வரி கட்டை இறுக்கினார், இரண்டு கையிலும் சேலைன் ஏற்றினார், அம்புலன்ஸுக்குச் சொன்னார். எழுபதில் கிடந்த பிரஷர் மெல்ல ஏறியது. டொக்டர் தொலைபேசியில், "கொஞ்சமாய் மோர்பின் குடுங்கோ" என்றார். பரமேஸ்வரி மருந்தை ஊசியில் எடுத்து முடிப்பதற்குள் சாஹுலின் முனகல் நின்றுவிட்டது.

"அல்ஹம்துலில்லாஹ், நித்திரை கொள்ளுறார்" என்று ஆசியா உம்மா கண்ணைத் துடைத்தார்.

பரமேஸ்வரி அதை நம்பவில்லை. மூச்சை எண்ணினார். நிமிடத்துக்கு எட்டே எட்டு. பிரஷர் திரும்பவும் கீழே. இரத்தம் போனதால் வந்த மயக்கமோ? பழக்கதோஷத்தில் இமையை இழுத்து டோர்ச் அடித்தார். கண்மணி கடுகளவு. இரத்தம் போனவனுக்கு அது விரிந்தல்லவா கிடக்க வேண்டும்! கையிலிருந்த ஊசியைத் தட்டில் வைத்தார்.

"உம்மா, வழியில ஆரும் பாத்தவையோ?"

"ஓம், தில்லைநாதன் ஐயாதான் கட்டுப் போட்டவர். இரும்பு வெட்டினதுக்கு எண்டு ஏற்பு ஊசியும் போட்டவர்."

தில்லைநாதன் பழைய முகாம் வைத்தியர். மோர்பின் போட்டால், அடுத்தவர் தெரியாமல் இன்னொன்று போட்டுவிடக் கூடாதென்று, காயக்காரரின் நெற்றியிலேயே மருந்தின் முதலெழுத்தையும் நேரத்தையும் எழுதிவிடுவார். அந்தக் காலத்தில் எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள்.

"நெத்தியில ஏதும் எழுதினவரோ?"

ஆசியா உம்மாவின் முகம் சுருங்கியது. "ஓம் மிஸி… பொட்டு வச்ச மாதிரிக் கிடந்தது. பள்ளிவாசலடியில சனம் நிண்டது. வெக்கமாய்ப் போச்சு, முக்காட்டால துடைச்சிட்டன்."

பரமேஸ்வரிக்குக் கோபமும் வந்தது, சிரிப்பும் வந்தது. இரண்டையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டார். அது உம்மா நினைத்தபடி டெட்டனஸுக்குப் போடும் ஏற்பு ஊசி அல்ல, மோர்பின்; கண்மணியைக் கடுகாக்கியதும் அதுதான். இரத்தம் போய் உடல் குளிர்ந்து கிடந்தவரை அது தசைக்குள்ளேயே பதுங்கிக் கிடந்திருக்கிறது. சேலைன் ஏறி இரத்தம் ஓடத் தொடங்கியதும் மொத்தமாய்ப் புறப்பட்டு, மூச்சையும் பிரஷரையும் சேர்த்து அமுக்கிவிட்டது. இன்னொன்று போட்டிருந்தால் ஆள் முடிந்திருப்பான்.

டொக்டரிடம் சொன்னார். "நலோக்சோன் இருக்கோ?" என்று அவர் கேட்டார்.

இருந்தது, பிரசவ அறையில். தாய்க்குப் போட்ட நோவூசியால் மயங்கிப் பிறக்கும் குழந்தைகளுக்கு வைத்திருந்தது. நரம்பில் மோர்பின் பிடித்திருக்கும் இருக்கையிலிருந்து அதை எழுப்பிவிட்டுத் தான் உட்காரும் மருந்து அது. துளித்துளியாக ஏற்றினார். மூச்சு பத்து. பன்னிரண்டு. பிரஷர் எண்பது. தொண்ணூறு.

சாஹுல் ஹமீட் கண்ணைத் திறந்தான். மோர்பின் போன இடத்துக்கு நோவு திரும்பி வந்தது. "யா அல்லாஹ், என்ட கால்!" என்று ஆஸ்பத்திரிக் கூரை அதிர அலறினான்.

"கத்துங்கோ மகன், நல்லாக் கத்துங்கோ!" என்று ஆசியா உம்மா அழுதபடியே சிரித்தார்.

அம்புலன்ஸ் அவனை மன்னாருக்குக் கொண்டுபோனது. இரத்தம் கொடுத்து, தொடையைத் தைத்து, ஆளைத் தேற்றியெடுத்தார்கள். ஆனால் பரமேஸ்வரியைக் கேட்டால், அவன் பிழைத்தது அந்த முதல் அலறலில்தான் என்பார். இருபது வருடமாக மனிதரின் அலறலை அடக்கவே ஓடித்திரிந்தவர், அன்றைக்குச் சுவரில் சாய்ந்து, கண்ணீர் வழிய, ஆசைதீர அதைக் கேட்டுக்கொண்டு நின்றார்.