ஆடாத பல்

எனக்கு இருபத்தாறு வயதில் ஈறு உரிந்தது. உரிந்தது என்றால் உரிந்ததேதான். வெந்த தக்காளித் தோல் மாதிரி விரலோடு வந்துவிடும். அடியில் செக்கச்செவேல் என்று ரத்தம் கசியும். குழம்புச் சோறு வாயில் பட்டால் உயிர் போகும். எழுபதுகளின் கடைசி அது. சங்கரன்கோவிலில் வாக்கப்பட்டு, குருவிகுளம் யூனியன் ஆபீசில் டைப்பிஸ்டாக இருந்தேன்.

பல் தேய்க்கத் தெரியாதவள் என்று தீர்ப்பாகிவிட்டது. வீட்டில் என் மாமியார், அத்தை என்றுதான் கூப்பிடுவேன், முகத்துக்கு நேராகச் சொன்னாள். ஆபீசில் முகத்தைத் திருப்பிக்கொண்டு சொன்னார்கள். ரோஷத்தில் உமிக்கரி வைத்து அழுத்தி அழுத்தித் தேய்த்தேன். தேய்க்கத் தேய்க்க உரிந்தது. இன்னும் தேய் என்றார்கள்.

எங்கள் ஊரில் தோலில் எது வந்தாலும் கோவில் புற்றுமண்தான். நெற்றியில் இடுவோம், துளி கரைத்துக் குடிப்போம். அத்தை அதை உமிக்கரியோடு குழைத்து என் ஈறில் தேய்த்துவிட்டாள். சாமி மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. தேய்த்த விரல் மேல்தான் ஆத்திரம். அந்த வாரம் முழுக்க ஆறின கஞ்சிதான் குடித்தேன்.

பிறகு பல் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனாள். பயோரியா, ஈறு அழுகுகிற நோய், எல்லாப் பல்லையும் பிடுங்கி செட் கட்டிவிடலாம் என்றார். அத்தை சரி என்றாள். வாய்க்குச் சொந்தக்காரி ஒருத்தி அங்கே உட்கார்ந்திருப்பது இரண்டு பேருக்கும் ஞாபகமில்லை. அவர் ஊசியை எடுத்தார்.

பல் ஆடுகிறதா என்று கேட்டேன். ஒவ்வொன்றாக அசைத்துப் பார்த்துவிட்டு, இல்லை என்றார்.

"ஆடாத பல்லை எதுக்குப் பிடுங்கணும்? நான் தரமாட்டேன்."

நாற்காலியை விட்டு இறங்கிவிட்டேன். தெருவே சிரித்தது. சிரிக்கட்டும். மறுநாள் லீவு போட்டுத் தனியாகத் திருநெல்வேலி பஸ் ஏறினேன்.

பெரியாஸ்பத்திரி டாக்டரம்மா ஈறைச் சுரண்டவில்லை. விரல் நுனியால் லேசாகத் தள்ளினார். தோல் நகர்ந்தது. கன்னத்துக்குள் கொப்புளம் வருமா, கண் எரியுமா என்று கேட்டார். துளி சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார். முடிவு வந்ததும், "இது அழுக்கால வந்த நோய் இல்லம்மா. உங்க உடம்பே உங்க தோலோட சண்டை போடுது" என்றார். மாத்திரை கொடுத்தார். கரியும் காரமும் கூடாது, மெத்தென்ற பிரஷால் தினமும் தேய்க்கணும் என்றார். மாத்திரையில் முகம் ஊதியது. நோய் முழுசாகப் போகவில்லை, ஆனால் அடங்கியது.

ஒரு நாள் அத்தையிடம் எல்லாவற்றையும் கொட்டினேன், சண்டைக்குத் தயாராக. அவள் தன் பல் செட்டைக் கழற்றிக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"பெரியவனைச் சுமக்கையில எனக்கும் ஈறு வீங்கி ரத்தம் வந்துச்சு. அம்புட்டையும் பிடுங்கிட்டாவ. ஒண்ணுகூட ஆடல, மக்கா. கேக்கணும்னு தோணல."

"அப்போ என்னை எதுக்கு அங்கன கூட்டிட்டுப் போனிய?"

"எல்லாருக்கும் அப்படித்தான்னு நெனச்சேன்."

அடுத்த முறை போனபோது டாக்டரம்மாவிடம் இதைக் கேட்டேன். பிள்ளைத்தாய்ச்சிக்கு அப்படி வீங்குவதுண்டு, பிள்ளை பிறந்ததும் பெரும்பாலும் தானாகவே வடிந்துவிடும் என்றார்.

அத்தை சாகும்வரை அதை நான் அவளிடம் சொல்லவில்லை.