சாவிக்காரரின் கடைவாய்ப்பல்

சாவிக்காரர் எங்கள் பல் ஆஸ்பத்திரியிலிருந்து இரண்டு முறை ஓடியவர். முதல் முறை வாயில் பஞ்சோடு, இரண்டாம் முறை கழுத்தில் நாங்கள் கட்டிய துணியோடு. துரத்திக்கொண்டு போன நர்ஸ் நான்தான். துணி இன்னும் திரும்பி வரவில்லை.

நாளெல்லாம் கடையில் சாவி வெட்டுகிறவர். அந்த மெஷின் போடும் கூச்சலில் தெருவே காதைப் பொத்திக்கொள்ளும். அப்படிப்பட்டவர் எங்கள் சின்ன டிரில்லுக்கு அலறினால் சிரிப்பு வராதா? "இது என்னங்க நியாயம்?" என்று கேட்டேவிட்டேன்.

"என் மெஷின் எப்ப கத்தும்னு எனக்குத் தெரியும். உங்களுது தெரியாதே" என்றார், சுவரைப் பார்த்தபடி.

அவருக்கு ஆட்டிசம் என்று தெரிந்ததே நாற்பது தாண்டித்தான். அவர் மனைவி, "புருஷன்னாலே இப்படித்தான் போலன்னு நானும் இருந்துட்டேன்" என்றார்.

கடைவாய்ப்பல்லில் சொத்தை வேர்வரை போயிருந்தது. சீழ் பரவினால் உயிருக்கே ஆபத்து. மயக்கம் கொடுத்துச் சுத்தம் செய்யலாமென்றால் அவர் இதயம் தாங்காது. விழித்த கண்ணோடு உட்கார்ந்துதான் ஆகவேண்டும். அவரோ உட்கார மாட்டார்.

அந்தச் சமயத்தில் எங்கள் பெரிய டாக்டருக்கு ஆராய்ச்சி பிடித்துக்கொண்டது. இவரைப் போன்றவர்கள் ஏன் நாற்காலியை விட்டு ஓடுகிறார்கள் என்று, ஓடியவர்களையே கூப்பிட்டுக் கேட்டார். கையோடு எங்களுக்குப் பயிற்சி கொடுக்கவும் சாவிக்காரரை வரச் சொன்னார்.

"சொன்னா புரியாது. யாராவது படுங்க" என்றார் சாவிக்காரர். பெரிய டாக்டரே வீராப்பாகப் படுத்தார்.

சாவிக்காரர் கையுறை மாட்டினார். ஒரு வார்த்தை சொல்லாமல் நாற்காலியைத் தடாலென்று சாய்த்தார். விளக்கை இழுத்துக் கண்ணுக்கு நேராக வைத்தார். "இருங்க, இருங்க" என்ற டாக்டரின் வாயில் கண்ணாடியை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"இவருக்கு எங்க வலிக்குதாம்? ஒழுங்கா பல்லு தேய்க்கறாரா?"

கிடைத்த வாய்ப்பை விடுவேனா? "எங்க சார், சொன்னா கேக்கறதே இல்ல" என்றேன்.

"நல்ல புள்ளைல்ல? ஆ காட்டு" என்று டாக்டரின் கன்னத்தைத் தட்டினார்.

டாக்டர் துள்ளி எழுந்தார். முகம் சிவந்திருந்தது. "நான் இப்படியா நடந்துக்கறேன்?"

எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். "தினமும் சார்" என்றேன். வாய்க்கொழுப்பு எனக்குப் பிறவியிலேயே உண்டு.

மனிதர் கோபித்துக்கொள்ளவில்லை. அடுத்த வாரங்களில் எங்களை உண்டு இல்லை என்று ஆக்கிவிட்டார். விளக்கைப் போடுமுன் சொல், தொடுமுன் கேள், கூட வந்தவரிடம் பேசாதே, பல்வலிக்காரரிடம் பேசு. பழக்கம் முற்றிப்போய், ஒருநாள் வீட்டில் மாமியாரிடம், "இப்ப விளக்கு போடப் போறேன்" என்று அறிவித்தேன்.

பிறகு சாவிக்காரரின் முறை வந்தது. மனைவி பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

"நிறுத்தணும்னா கையைத் தூக்குங்க, நிறுத்திடறேன்" என்றார் டாக்டர்.

டிரில் வாய்க்குப் போனதுமே கை உயர்ந்தது. டாக்டர் நிறுத்தினார். மறுபடி ஆரம்பித்தார், மறுபடி கை. நிறுத்தினார். மூன்றாம் முறையும் கை உயர, மனைவிக்குப் பொறுக்கவில்லை.

"ஏங்க, வலிக்குதா?"

"இல்ல."

"அப்புறம் என்ன விளையாட்டு இது?"

"நிஜமாவே நிறுத்தறாரான்னு பாத்தேன். இதுவரைக்கும் யாரும் நிறுத்துனதில்ல."

எனக்கு அழுகை வந்துவிட்டது. முகமூடி இருந்ததால் தப்பித்தேன்.

"இன்னும் பாக்கணும்னா பாருங்க" என்றார் டாக்டர்.

சாவிக்காரர் இன்னொரு முறை பார்த்தார். டாக்டர் நிறுத்தினார். பிறகு சாவிக்காரர் கையை மடியில் வைத்துக்கொண்டு, வாயை நன்றாகத் திறந்தார்.