பிக்கப் வண்டியின் பக்கத்துச் சீட்டு

எங்கள் தெருவில் கண்ணாடிக்காரர் என்றால் அவர் ஒருவர்தான். ஜன்னலுக்கும் கடை அலமாரிக்கும் கண்ணாடி வெட்டிப் பொருத்துகிறவர். வெட்டியதை ஒட்டவைக்க முடியாத தொழில் என்பதால் எதையும் மூன்று தடவை அளப்பார். காதில் பென்சில், சட்டைப் பையில் டேப். அவர் மனைவி ஒரு சலவை நிலையத்தில் இஸ்திரி போட்டார். அதனால் எங்களுக்கு இஸ்திரி அக்கா.

அவர்களிடம் முப்பத்தெட்டு வருடப் பழைய பிக்கப் ஒன்று இருந்தது. முன்னால் ஒரே நீளமான பெஞ்சு சீட்டு. தினமும் காலையில் அக்காவைச் சலவை நிலையத்தில் இறக்கிவிட்டுத்தான் அவர் வேலைக்குப் போவார். மகளும் மருமகனும் வெளியூரிலிருந்து காரில் வந்தால்கூட அக்கா அதில் ஏறமாட்டார். "அதுல உக்காந்தா முன்னாடி போறவன் முதுகுதான் தெரியுது. நம்ம வண்டியில ஊரே தெரியும்" என்பார்.

முதலில் அக்காவுக்கு விரல்கள்தான் போயின. இஸ்திரிப் பெட்டி கையிலிருந்து நழுவியது. பிறகு கால். டாக்டர் ஒரு நீளமான பெயரைச் சொன்னார். தசைகள் ஒவ்வொன்றாக வேலையை விட்டு நின்றுவிடும், மருந்து கொஞ்சம் தள்ளிப்போடும், அவ்வளவுதான் என்பது அதன் பொருள்.

ஒரு நாள் வண்டி ஒரு திருப்பத்தில் திரும்பியபோது அக்கா வழவழப்பான ரெக்சினில் சறுக்கிக்கொண்டு வந்து அவர் தோளில் சாய்ந்தார்.

"ரொம்ப நாள் கழிச்சு சாஞ்சிருக்கேன், தள்ளிடாதீங்க."

அவரும் சிரித்தார். பாதித் தெரு தாண்டிய பிறகு அக்கா மெதுவாகச் சொன்னார்: "நிஜமாவே எழுந்திருக்க முடியலங்க."

மறுநாளே அவர் பழைய வண்டிகளைப் பிரித்து விற்கும் இடத்துக்குப் போனார். தார்ப்பாய்க்குக் கீழே சீட்டுகள் வரிசையாகக் கிடந்தன. அகலம், உயரம், அடியில் சீட்டு நகரும் இரும்புத் தடங்களின் இடைவெளி என்று எல்லாவற்றையும் அளந்து எழுதினார். கடைக்கார அம்மா பார்த்துக்கொண்டே இருந்தார்.

"உக்காரப் போறது யாருண்ணே?"

"வீட்டுக்காரி. அவளுக்கு உடம்பு நிக்க மாட்டேங்குது."

"அப்ப அவங்களக் கூட்டிட்டு வாங்க. செருப்பு வாங்கணும்னா கால் வரணும்ல."

அக்காவைக் கூட்டிப்போனார். ஏழு சீட்டுகளில் உட்காரவைத்து எழுப்பினார். "துணிக்கடையில என்னிக்காவது இவ்ளோ பொறுமையா நின்னிருக்கீங்களா?" என்று அக்கா கேட்டதற்குக் கடைக்கார அம்மாதான் அதிகம் சிரித்தார். சாம்பல் நிறத் துணி போட்ட சீட்டு ஒன்று பிடித்துப்போனது. அதன் இரு ஓரங்களும் மேடாக எழும்பி இடுப்பை அணைத்துப் பிடித்தன.

பொருத்துவது லேசாக இல்லை. பழைய பெஞ்சின் நான்கு போல்ட்டுகளில் மூன்று எண்ணெய்க்கு மசிந்தன, நான்காவது முறிந்தது. அடியில் தரைத் தகரம் துருவேறி, விரல் வைத்தால் உள்ளே போனது. அடுத்த தெரு வெல்டர் வந்து புதுத் தகடு வைத்து, பழைய பெஞ்சைப் பாதியாக அறுத்து ஓட்டுகிறவர் பக்கம் மாட்டிக் கொடுத்தார். புதுச் சீட்டின் துளைகள் வண்டியின் துளைகளோடு ஒத்துப்போகவில்லை. இரும்புச் சட்டம் அடித்து அதன்மேல் ஏற்ற வேண்டியிருந்தது. உயர்த்தினால் தலை கூரையில் இடிக்கும், தாழ்த்தினால் சாலை தெரியாது. அட்டையில் வெட்டிப் பார்த்து, அரை அங்குலம் குறைத்து, தோளுக்குக் குறுக்கே வரும் பெல்ட்டையும் மாட்டினார். நடுவே கண்ணாடி வேலைக்கும் போக வேண்டுமே. எல்லாம் முடிய மூன்று வாரம் ஆனது.

அக்காவைத் தூக்கி உட்காரவைத்தார். இடுப்பு நின்றது. முதுகு நின்றது. தலை மட்டும் மெல்ல முன்னால் கவிழ்ந்து, தாடை நெஞ்சைத் தொட்டது.

சீட்டில் எந்தக் குறையும் இல்லை. அந்த மூன்று வாரத்தில் கழுத்து போய்விட்டிருந்தது.

அடுத்த முறை டாக்டரிடம் போனபோது கண்ணாடிக்காரர் அளவு எழுதும் நோட்டுப் புத்தகத்தையும் எடுத்துப் போனார்.

"அடுத்தது எது போகும்னு மட்டும் சொல்லிடுங்க டாக்டர். அதுக்கு முன்னாடியே நான் பண்ணி வெச்சிடறேன்."

"அத யாராலயும் சொல்ல முடியாதுங்க."

"உத்தேசமா சொன்னாக்கூடப் போதும்."

டாக்டர் மருந்துச் சீட்டில் எழுதியதையே மறுபடி எழுதினார். இவர் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு வெளியே வந்தார்.

இரண்டாவது சீட்டு ஒரு தொலைதூரப் பஸ்ஸிலிருந்து வந்தது. பின்னால் சாயும், தலைக்கு இருபுறமும் காது மாதிரித் தடுப்பு இருந்தது. ஆனால் பிக்கப்பில் சீட்டுக்குப் பின்னாலேயே தகரச் சுவர். சாய்த்தால் சுவரில் முட்டியது, முன்னால் தள்ளினால் முழங்கால் முட்டியது. மூன்று தடவை அளந்தார். மூன்று தடவையும் நாலு அங்குலம் பற்றவில்லை.

"சுவர வெட்டிடலாம்ண்ணே, சாமான் ஏத்தற பக்கமா ஒரு பெட்டி மாதிரி வெளிய தள்ளிடலாம்" என்றார் வெல்டர். "ஆனா வண்டி வண்டியா இருக்காது. பழைய வண்டி சேக்கறவங்க யாரும் அப்புறம் திரும்பிக்கூடப் பாக்க மாட்டாங்க."

"வெட்டு" என்றார் கண்ணாடிக்காரர்.

அந்த வாரம் மகள் வந்திருந்தாள். ஒரு மதியம் அவர் ஸ்பேனர் எடுக்க வீட்டுக்குள் வந்தபோது அறைக்குள்ளிருந்து பேச்சு கேட்டது.

"ஏம்மா, உன்னால இனிமே அதுல ஏறவே முடியாது. அப்பாகிட்ட சொல்லக் கூடாதா?" இது மகள்.

அக்காவின் குரல் அதற்குள் குழறத் தொடங்கியிருந்தது. ஒவ்வொரு சொல்லாகத்தான் வந்தது. "தெரியும்டி. செய்யட்டும். வேல இல்லன்னா... என்னையே பாத்துக்கிட்டு உக்காந்திருப்பார். அத என்னால தாங்க முடியாது."

அவர் ஸ்பேனரை எடுக்காமலே திரும்பினார். வெளியே வெல்டர் வெட்டிய ஓட்டையின் விளிம்புகள் கூராக இருந்தன. அரத்தை எடுத்து அவற்றை மழுக்க ஆரம்பித்தார். எங்கள் வீட்டு ஜன்னலிலிருந்து பார்த்தேன். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஒரே இடத்தில் தேய்த்துக்கொண்டிருந்தார். மகள் தேநீர் கொண்டுவந்து வைத்தாள். ஆறிப்போனது.

நான்கு நாளில் சீட்டு ஏறியது. நானும் வெல்டரும் ஆளுக்கொரு பக்கம் பிடிக்க, அவர் அக்காவைத் தூக்கினார். உடம்பில் எடையே இல்லை, ஆனாலும் தூக்கிய இடமெல்லாம் வலித்தது போலிருக்கிறது. அக்கா உதட்டைக் கடித்துக்கொண்டார். சாய்த்ததும் தலை சரியாக நின்றது. முழங்கால் எதிலும் முட்டவில்லை. பெல்ட் போட்டார்.

வண்டி நடை வேகத்தில் தெரு முனைவரை போனது. நாங்கள் பின்னாலேயே நடந்தோம். முனையில் அக்காவுக்கு மூச்சு இரைத்தது. அவர் வண்டியை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

"அளவு சரியா இருக்குங்க" என்றார் அக்கா.

அவர் கியரை மாற்றினார். வண்டியைப் பின்னோக்கி எடுத்து, வந்த வழியே வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார்.

பத்து நாளில் ஆஸ்பத்திரி வேன் வந்து அக்காவைப் படுக்கவைத்துக் கொண்டுபோனது. அங்கே கட்டிலின் காலடியில் ஒரு கைப்பிடி உண்டு. சுற்றினால் தலைப்பக்கம் உயரும். நான் பார்க்கப்போன அன்று நர்ஸ் அதைக் கண்ணாடிக்காரருக்குக் காட்டிக்கொண்டிருந்தார்.

"எவ்வளவு உயரம் வெக்கணும்மா?" என்று அவர் கேட்டார். கை டேப்பைத் தேடியது.

"அதுக்குக் கணக்கு இல்லைங்க. அவங்க முகத்தப் பாத்துக்கிட்டே சுத்துங்க. போதும்னா கண்ண மூடுவாங்க."

அவர் குனிந்து சுற்றினார். கண் அக்காவின் முகத்திலேயே இருந்தது. ஓரிடத்தில் அக்கா கண்ணை மூடினார். அவர் நிறுத்தி, கட்டில் கம்பியில் பென்சிலால் சின்னதாக ஒரு கோடு போட்டார்.

மறுநாள் அந்தக் கோடு சரிப்படவில்லை. அதற்கு மறுநாள் போட்டதும் சரிப்படவில்லை. பிறகு அவர் கோடு போடுவதை விட்டுவிட்டு, அக்காவின் முகத்தைப் பார்த்தே சுற்றினார்.